பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு வருகைப் பதிவேடும்

நல்ல ஆசிரியர் ஒருவரைப் பற்றிய படங்களில் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது எது, ஏன் என்பது கேள்வி. இதற்கு நான் தயங்காமல் சொல்லும் படம், 1954-இல் ஜப்பானில் வெளியான 'இருபத்து நான்கு கண்கள்'. கெய்சுகே கினோஷிதா இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். இரண்டரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக ஓடுகிறது. சகாயே சுபோய் என்ற பெண் எழுத்தாளர் 1952-இல் எழுதிய நாவலின் திரைவடிவம் இது. அவர் பிறந்து வளர்ந்த ஷோதோஷிமா தீவிலேயே கதை நடப்பதாகக் கினோஷிதா எடுத்திருக்கிறார். பன்னிரண்டு பிள்ளைகளின் கண்களைத்தான் தலைப்பு எண்ணுகிறது.

ஏன் பிடிக்கும் என்பதை நான் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர்களைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் ஒரே வழியில் போகின்றன. பள்ளிக்கூடம் சீரழிந்து கிடக்கும். புதிதாக ஒருவர் வருவார். முரட்டுப் பிள்ளைகள் முதலில் அவரைப் படாத பாடு படுத்துவார்கள். பிறகு அவருடைய அன்பாலோ கண்டிப்பாலோ திருந்தி, கடைசியில் தேர்விலோ போட்டியிலோ வென்று காட்டுவார்கள். அத்தகைய படங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவற்றில் சிலவற்றைப் பார்த்துக் கண் கலங்கியும் இருக்கிறேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதியிலேயே நின்றுபோனவர்கள் உண்டு. சரக்கு வண்டியில் ஏறி வேலைக்குப் போனவர்கள் உண்டு. பதினேழு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களை என்னால் காப்பாற்ற முடியவில்லை. காப்பாற்ற முடியாமல் போன ஆசிரியருக்கு அந்தப் படங்களில் இடமே இல்லை. 'இருபத்து நான்கு கண்கள்' படத்தின் ஆசிரியை அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருடைய விதியையும் மாற்றுவதில்லை. இருந்தும் அவரைப் போல ஓர் ஆசிரியரை நான் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கதை 1928 ஏப்ரலில் தொடங்குகிறது. தீவின் ஒரு முனையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலத்தில், மீன்பிடித்தும் சிறிய அளவில் பயிர் செய்தும் பிழைக்கிற ஏழைக் கிராமம். அங்கே நான்காம் வகுப்பு வரைக்கும்தான் கிளைப் பள்ளி. ஐந்தாம் வகுப்பிலிருந்து விரிகுடாவைச் சுற்றி நடந்து பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். பயிற்சி முடித்துப் புதிதாக வரும் ஓயிஷி என்ற இளம் ஆசிரியை, விரிகுடாவின் மறுகரையிலுள்ள தன் வீட்டிலிருந்து சைக்கிளில், அதுவும் மேல்நாட்டு உடை அணிந்து வருகிறார். ஊர் திகைத்துப்போகிறது. 'பெரிய இடத்துப் பெண் போலிருக்கிறது' என்று வாசலில் நிற்கும் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். தவணைக் கட்டணத்தில் வாங்கிய சைக்கிள், பழைய கிமோனோவைப் பிரித்துத் தைத்த உடை என்ற உண்மை அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் முதல் வகுப்பில் அவர் செய்யும் முதல் வேலை பெயர் கூப்பிடுவது. இந்தக் காட்சியைத்தான் நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பதிவேட்டில் உள்ள பெயரை அவர் படிக்கிறார். பிள்ளை கூச்சத்தோடு பதில் சொல்கிறது. உடனே வகுப்பு அந்தப் பிள்ளையின் வீட்டுப் பெயரை, பட்டப் பெயரைக் கூவுகிறது. ஆசிரியை சிரித்துக்கொண்டே அந்தப் பெயரையும் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார். இப்படிப் பன்னிரண்டு முறை. கேமரா அவசரப்படுவதில்லை, ஒவ்வொரு முகத்தின் அருகிலும் நின்று, அந்தப் பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறது. பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. ஓயிஷி என்றால் பெரிய கல் என்று பொருள். ஆளோ குட்டை. ஆகவே அன்று மாலைக்குள் அவருக்குக் கோயிஷி, அதாவது சின்னக் கல், என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'வீட்டில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?' என்று கேட்டு, என் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. பதிவேட்டுப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கும் பிள்ளை, வீட்டுப் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து முகம் பார்க்கிறது.

சில மாதங்களில் ஒரு விபத்து நடக்கிறது. விளையாட்டாகப் பிள்ளைகள் கடற்கரை மணலில் தோண்டிவைத்த பள்ளத்தில் விழுந்து ஆசிரியையின் காலில் பலத்த காயம் படுகிறது. அவர் வராத பள்ளிக்கூடத்தில் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருநாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பன்னிரண்டு பேரும் அவரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நடை; ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள்; வழியில் ஒருத்தி அழத் தொடங்க, மற்றவர்களும் ஒவ்வொருவராக அழுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைக் கடந்துபோகிற பேருந்தில் ஆசிரியை இருக்கிறார். இறங்கி, ஊன்றுகோலோடு அவர் நிற்க, பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்கிறார்கள். வீட்டுக்கு அழைத்துப்போய் வயிறாரச் சாப்பாடு போட்டு, கடற்கரையில் எல்லாரையும் சேர்த்து ஒரு புகைப்படம் எடுக்கச் செய்கிறார். அந்தப் படம் கதை முடியும்வரை கூடவே வருகிறது.

பிறகு ஐந்து ஆண்டுகள் தாவுகின்றன. கால் முழுதாகத் தேறாததால் அவர் பெரிய பள்ளிக்கு மாற்றப்பட்டுவிட்டார். பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்காக அங்கே வந்து சேர்கிறார்கள். இந்த இடத்தில் கினோஷிதாவின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்றாம் வகுப்பில் நடித்த பிள்ளைகளின் சொந்த அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் தேடிப் பிடித்து, அதே பாத்திரங்களின் வளர்ந்த வயதுக்கு நடிக்கவைத்தார். ஐந்து ஆண்டுகள் கழிந்தன என்று எழுத்தில் காட்டினால் நாம் ஒப்புக்கொள்வோம். அதே மூக்கு, அதே புருவம், ஆனால் நீண்டுபோன கைகால்களோடு ஒரு பிள்ளை திரும்பி நம்மைப் பார்க்கும்போது, அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. ஒன்றாம் வகுப்பில் கைப்பிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளையைச் சில ஆண்டுகள் கழித்துத் தெருவில் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

படத்தின் நெஞ்சு இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. மத்சுயே ஒரு தச்சனின் மகள். மற்றப் பிள்ளைகள் வைத்திருப்பதுபோல மூடியில் லில்லிப் பூ போட்ட அலுமினியச் சாப்பாட்டு டப்பா ஒன்று வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்குள் அவளுடைய அம்மா பிள்ளைப்பேற்றில் இறந்துபோக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறாள். ஓயிஷி அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு அவள் வீடு தேடிப் போகிறார். பள்ளிக்கூடத்துக்கே வர முடியாத பிள்ளைக்குச் சாப்பாட்டு டப்பா! அது எந்தப் பயனும் இல்லாத பரிசு என்பது இருவருக்கும் தெரியும். குழந்தையும் இறந்தபின் மத்சுயேயை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பின்னொரு நாள் பள்ளிச் சுற்றுலாவில் தகமத்சு துறைமுகத்துக்குப் போகும் ஆசிரியை, காய்ச்சலுக்குச் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்று சிறிய உணவுக்கடை ஒன்றில் நுழைய, அங்கே தட்டு ஏந்திக்கொண்டு நிற்பவள் மத்சுயே. கடைக்காரப் பெண்மணி பக்கத்தில் நின்று கண்காணித்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் மனம் விட்டு நான்கு வார்த்தை பேச முடியவில்லை. ஆசிரியை கிளம்பியதும் பெண் பின்னாலேயே ஓடிவருகிறாள். தன்னோடு படித்தவர்கள் ஆசிரியையைச் சூழ்ந்துகொண்டு சிரித்துப் பேசுவதைப் பார்த்ததும் மறைந்துகொள்கிறாள். கப்பல் துறையை விட்டு நகர, கரையோரமாக அழுதபடி அவள் நடந்துகொண்டே இருக்கிறாள். கப்பலில் இருக்கும் யாருக்கும் அவள் தெரியவில்லை. அவளைப் பார்ப்பவர்கள் நாம் மட்டும்தான்.

ஃபுஜிகோவின் காட்சி இன்னும் கடினமானது. எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று கட்டுரை எழுதச் சொல்கிறார் ஆசிரியை. ஃபுஜிகோவால் எழுத முடியவில்லை, அழுகிறாள். நல்ல நிலையில் இருந்த குடும்பம் நொடித்து, வீடும் கைவிட்டுப் போகவிருக்கும் நேரம் அது. ஆசிரியை அவளைத் தனியே அழைத்துப்போய்ப் பேசுகிறார். வேறொரு படமாக இருந்தால் இந்த இடத்தில் தன்னம்பிக்கை ஊட்டும் ஒரு பேச்சு வந்திருக்கும். ஓயிஷி சொல்வதன் சாரம் இதுதான்: உனக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அழ வேண்டும் போலிருக்கும்போது என்னிடம் வா, நானும் உன்னோடு சேர்ந்து அழுகிறேன். சொல்லிவிட்டு அவரும் அழுகிறார்.

இது பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, பொய் சொல்ல மறுக்கிற ஒருவரைத்தான் பார்க்கிறேன். படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது எவ்வளவு எளிது! அவளுடைய குடும்பக் கடனுக்கு முன்னால் அந்த வார்த்தைக்கு ஒரு காசுகூடப் பெறுமதி இல்லை என்பது ஆசிரியைக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பதற்கு மன உறுதி வேண்டும்.

அழுகைக்கு இந்தப் படத்தில் வேறொரு கனமும் உண்டு. அதற்கு அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1928 மார்ச்சில்தான், ஜப்பானிய அரசு இடதுசாரிகளை நாடு முழுவதும் கூட்டங்கூட்டமாகக் கைது செய்தது. முப்பதுகளில் அந்த நெருக்கடி பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைகிறது. பிள்ளைகள் எழுதிய ஒரு கட்டுரைத் தொகுப்பு 'சிவப்பு' என்று சந்தேகிக்கப்படுகிறது. அதிலிருந்து ஓயிஷியும் தன் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும், தலைமையாசிரியர் பதறிப்போய் அதைத் தணலில் போட்டு எரிக்கிறார். பெரியவனானால் போர்வீரன் ஆவேன் என்று பையன்கள் சொல்ல, வீரனைவிட மீன்பிடிப்பவனையும் அரிசிக் கடைக்காரனையும்தான் எனக்குப் பிடிக்கும் என்று அவர் சொல்லிவிடுகிறார். அதற்கும் கண்டிப்பு. மனம் வெறுத்து வேலையை விட்டு விலகுகிறார். எதிர்த்துப் போராடவில்லையே என்று நாம் கேட்கலாம். படமும் அவரை வீராங்கனையாக்க முயலவில்லை. பிறகு போர். போர் முடிந்த அன்று, தோற்றுவிட்டோமே என்று அழுதாயா அம்மா என்று மகன் கேட்க, செத்துப்போனவர்களுக்காக அழுதேன் என்கிறார். அழுவதற்கும் அனுமதி வேண்டியிருந்த நாட்டில் அவருடைய கண்ணீர் ஒருபோதும் அனுமதி கேட்டதில்லை.

கினோஷிதாவுக்கு இது தன் வாழ்க்கையிலிருந்து தெரிந்த விஷயம். 1944-இல் ராணுவத்துக்கு ஆதரவாக ஒரு படம் எடுக்கும்படி அவருக்குப் பணி வந்தது. எடுத்தார். ஆனால் கடைசிக் காட்சியில், போருக்கு அணிவகுத்துப் போகும் மகனைத் தேடி ஒரு தாய் கூட்டத்தில் முட்டி மோதி அழுதுகொண்டே ஓடுவதை நிமிடக்கணக்கில் காட்டினார். அதிகாரிகளுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. போர் முடியும்வரை அவரால் வேறு படம் எடுக்க முடியவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் படம், அந்த ஒரு காட்சியை இரண்டரை மணி நேரத்துக்கு விரித்ததுபோல எனக்குத் தோன்றும். வெளியான காலமும் அப்படி. ஆசிரியர்களின் அரசியல் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும், ஜப்பானின் தற்காப்புப் படையின் தோற்றமும் அதே 1954-இல்தான். 'எங்கள் மாணவர்களை மறுபடியும் போர்க்களத்துக்கு அனுப்ப மாட்டோம்' என்பது அந்நாட்டு ஆசிரியர் சங்கத்தின் முழக்கமாக இருந்த நேரம். நாடே அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. 'கினெமா ஜுன்போ' என்ற பத்திரிகையின் அந்த ஆண்டுச் சிறந்த படங்களின் பட்டியலில் இது முதலிடம் பெற்றது; குரோசவாவின் 'ஏழு சாமுராய்' மூன்றாம் இடத்தில் நின்றது.

ஓயிஷியாக நடித்த ஹிதேகோ தகாமினே ஐந்து வயதிலேயே நடிக்க வந்துவிட்டவர். படப்பிடிப்புகளுக்கு நடுவில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. சைக்கிளில் வரும் இளம்பெண்ணிலிருந்து நடுவயதுத் தாய்வரை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளை அவர் சுமக்கிறார். வயது கூடுவதை ஒப்பனையைவிட நடையிலும் தோள் சரிவிலும்தான் காட்டுகிறார்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பையன்களும் போருக்குப் போகிறார்கள், மூவர் திரும்புவதில்லை. போன இடத்தில் அவர்களுடைய ராணுவம் பிறருக்கு என்ன செய்தது என்பதைப் பற்றிப் படம் வாய் திறப்பதில்லை. சீனர்களும் கொரியர்களும் இதைக் கேட்பார்கள். தமிழர்களாகிய நமக்கும் கேட்க உரிமை உண்டு. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து, ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தோட்டத்துப் பள்ளியில் ஒரு பதிவேடு இருந்திருக்கும். இதை நினைக்காமல் நான் இந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. ஆறு வயதில் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு பையன் எந்த வழியாகத் துப்பாக்கியோடு கப்பல் ஏறும் இடத்துக்கு வந்து சேர்கிறான் என்பதைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது. வறுமை, பாட்டு, கொடி, தலைமையாசிரியரின் பயம் என்று அந்த வழியின் ஒவ்வொரு படியும் அதில் இருக்கிறது.

1946 ஏப்ரலில் ஓயிஷி மறுபடியும் அதே கிளைப் பள்ளிக்கு வருகிறார். கணவர் போரில் இறந்துவிட்டார். பசியில் காய் பறிக்கப் பெர்சிமன் மரம் ஏறிய சின்ன மகள் விழுந்து இறந்துவிட்டாள். சைக்கிள் இல்லை, மகன் படகில் கொண்டுவந்து விடுகிறான். அதே வகுப்பறையில் அவர் பெயர் கூப்பிடுகிறார். பதில் சொல்லும் பிள்ளைகள் பழைய மாணவர்களின் தங்கைகளும் மகள்களும் உறவினர்களுமாக இருக்கிறார்கள். மத்சுயேயின் மகள் அதில் ஒருத்தி. ஒரு பெயரைப் படித்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்க்கும்போது அவரால் தாங்க முடிவதில்லை. அன்று மாலைக்குள் புதிய பிள்ளைகள் அவருக்குப் புதிய பெயர் வைத்துவிடுகிறார்கள்: அழுமூஞ்சி டீச்சர்.

பழைய மாணவர்களில் மிஞ்சியவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு விருந்து வைக்கிறார்கள். ஒரு புதிய சைக்கிளைப் பரிசாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். அங்கேதான் அந்தப் பழைய புகைப்படம் கைமாறிக் கைமாறி வருகிறது. போரில் பார்வை இழந்து திரும்பிய இசோகிச்சி அதைக் கையில் வாங்கி, இந்தப் படம் மட்டும் எனக்குத் தெரியும் என்று சொல்லி, விரலை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறான். நாவலில் சுபோய் இந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறார்: அவனுடைய விரல் ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளியே படுகிறது, ஆசிரியை, 'ஆமாம், ஆமாம், அதுதான்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1987-இல் இதே கதையை வண்ணத்தில் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அதற்காகப் போட்ட அரங்கு ஷோதோஷிமாவில் இன்றும் இருக்கிறது, உண்மையான கிளைப் பள்ளிக் கட்டடமும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முதலில் 1954 படத்தைத்தான் பாருங்கள். தொடக்கத்து முக்கால் மணி நேரம் பிள்ளைகள் பாடுவதும் ஊரைச் சுற்றுவதுமாக மெல்லத்தான் நகரும். காக்கையே ஏன் கரைகிறாய் என்று கேட்கும் பாட்டு திரும்பத் திரும்ப வரும். பொறுமையிழந்து ஓட்டிவிடாதீர்கள். முதல் நாள் பெயர் கூப்பிடும் காட்சியில் பன்னிரண்டு பெயர்களையும் முகங்களையும் முடிந்தவரை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை பார்த்தபோது ஏழு பெயர்களைத்தான் பிடித்துவைக்க முடிந்தது. மீதி ஐவர் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள, மறுநாளே மறுபடியும் முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன்.